தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார்

வாரந்தோறும் பத்திரிகை படிக்கின்ற தாங்கள், தமிழெழுத்து முதன்முதலில் எவ்வாறு அச்சுக்கு வந்தது என எண்ணிப் பார்த்ததுண்டா? அதற்காக உழைத்தவர் ஒரு போர்த்துக்கேயத் துறவி. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவர் பெயர். தமிழ் மக்களுக்கு அவர் அண்டிரிக் அடிகளார்.

1520ஆம் ஆண்டில் விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்த அவர், முதலில் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். யூத வழித்தோன்றல் என்ற காரணத்தால் அச்சபையை விட்டு விலக நேர்ந்தது. அவர் மனந்தளரவில்லை. 1545இல் இயேசு சபையிற் சேர்ந்து, மறு ஆண்டிலே கோவாவை வந்தடைந்தார். அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். மன்னாரிலும் பணிபுரிந்தார்.

அக்காலத்துக் குருமார் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை நம்பியே போதித்தனர். இதிலுள்ள ஆபத்தைப் புனித சவேரியாரே அனுபவித்தார். விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. அதனை உணர்ந்த அவர், திருத்தும்படி எழுதினார்.

அண்டிரிக் அடிகளார் வேறு வழியை மேற்கொண்டார். மக்கள் பேசுவதைச் செவிமடுத்து, வினைச்சொற்கள் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப மாறும் விதத்தை ஆராய்ந்து குறித்து வைத்தார். விரைவிலேயே மொழிபெயர்ப்பாளரின்றிப் போதிக்கலானார். ஐரோப்பியருக்கென அவர் எழுதிய தமிழிலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பனிற் பேணப்பட்டு, 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது.

அச்சுக்கலையோ மெதுவாகவே வந்தது. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் வெளிவந்தது. ஆயினும் அது உரோமன் எழுத்தில் அமைந்தது. 1577இல் கோவாவிலும், 1578இல் கொல்லத்திலும் தமிழெழுத்துக்கள் வார்க்கப்பட்டன. ஓலைச்சுவடி வழக்கப்படியே மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. 1578 ஒக்டோபர் 20இல் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள்! இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான நூல்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மூத்தது அதுவே. அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். 1579இல் கொச்சியிற் கிரீசித்தியானி வணக்கமும், 1586இல் அடியார் வரலாறும் தொடர்ந்தன. 1600இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

வாசகரே, ஒன்றைக் கவனியுங்கள். அடிகளார் இந்தியா வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த முதல் நூல் அச்சேறியது. அத்தனை ஆண்டுகளும் அவர் கேட்டார், கற்றார், திருத்தினார். வாயாற் சொன்ன ஒரு பிழை ஓரூரோடு நிற்கலாம். அச்சேறிய பிழையோ பிரதிகள் போகுமிடமெல்லாம் போகும்.

இன்று நம் கைத்தொலைபேசியே ஓர் அச்சகம். ஈயமும் மையும் வேண்டியதில்லை. விரல் பட்டவுடன் செய்தி கடல் கடந்து செல்கிறது. ஆனால் விசாரித்தறியும் வேலையைக் கருவி நமக்காகச் செய்து தருவதில்லை. கிடைத்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், இது உண்மையா, சொல்லின் பொருள் சரியா, அறிந்தவர் யார் என்று கேட்பதற்குச் சில நிமிடங்களே போதும். அடிகளார் ஆண்டுக்கணக்கிற் செலவிட்ட பொறுமையில் ஒரு சிறு பங்கையாவது நாமும் செலவிடுவோமாக.