விக்டோரியா தெருவின் ஜுவானிட்டா

சிட்னி கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனை ஒட்டி விக்டோரியா தெரு என்று ஒன்று இருக்கிறது. நிழல் தரும் மரங்கள், 19ஆம் நூற்றாண்டு டெரஸ் வீடுகள், சரிவுக்குக் கீழே வுல்லமலூ. இன்றைக்கு அங்கே ஒரு வீட்டின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன்னால் அது வாடகைக்காரர்களின் தெரு. மாலுமிகள், கலைஞர்கள், வயதானவர்கள் என்று கையில் அதிகம் காசில்லாதவர்கள் வாழ்ந்த இடம். அங்கே 202ஆம் எண் வீட்டில் இருந்தவர்தான் ஜுவானிட்டா நீல்சன்.

அவர் 1937இல் பிறந்தார். மார்க் ஃபாய்ஸ் என்ற பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோரை நடத்திய குடும்பத்தின் வாரிசு. அந்தக் கடை இருந்த கட்டடம்தான் இன்றைய டவுனிங் சென்டர் நீதிமன்றம். வெளிநாடுகளில் சுற்றி, ஒரு டென்மார்க் மாலுமியை மணந்து, பிரிந்து, 1965இல் சிட்னி திரும்பினார். பிறகு வீட்டிலிருந்தே நவ் என்ற உள்ளூர்ப் பத்திரிகையை நடத்தினார். கடை விளம்பரங்களும் அக்கம்பக்கத்துச் செய்திகளும்தான் அதில் இருந்தன. போராடவென்று கிளம்பி வந்தவர் இல்லை அவர்.

பிராங்க் தீமன் என்ற டெவலப்பர் தெருவின் ஒரு பக்கத்தை வாங்கி, 40 மில்லியன் டாலரில் உயர்ந்த கோபுரங்கள் கட்டத் திட்டமிட்டார். 1973 ஏப்ரலில் வாடகைக்காரர்களுக்கு வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது. அதே மாதம் குடியிருப்போர் குழுவை நடத்திய ஆர்தர் கிங் கடத்தப்பட்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தவர், அந்தத் தெருவை விட்டே போய்விட்டார்.

அப்போது குடியிருப்போருக்குத் துணையாக நின்றது கட்டடத் தொழிலாளர் சங்கம். 1971இல் ஹண்டர்ஸ் ஹில்லில் 13 பெண்கள் கேட்டுக்கொண்டதால், கெல்லீஸ் புஷ் என்ற காட்டுப் பகுதியில் வேலை செய்ய மாட்டோம் என்று மறுத்த சங்கம் அது. அதுதான் முதல் கிரீன் பேன். அவர்கள் வைத்திருந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தந்த ஊர் மக்கள் கூட்டம் போட்டுக் கேட்டால்தான் தடை. சங்கம் தானாக எதையும் முடிவு செய்யாது.

விக்டோரியா தெருவுக்கும் தடை வந்தது. 1974 ஜனவரியில் காலி வீடுகளில் தங்கியிருந்தவர்களைப் போலீஸ் பாதுகாப்போடு வெளியேற்றினார்கள். 1975இல் சங்கத்தின் தேசியத் தலைமை மாநிலத் தலைமையை நீக்கியது, தடையும் போனது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஜுவானிட்டா மட்டும் விடவில்லை. தண்ணீர் வாரிய ஊழியர் சங்கத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்தார், அவர்கள் புதிதாகத் தடை போட்டார்கள். தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் இல்லாமல் எப்படி அடுக்குமாடி கட்டுவது?

1975 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. விளம்பரம் பற்றிப் பேச கிங்ஸ் கிராஸில் உள்ள காரூசல் கிளப்புக்குக் காலையில் போனார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. வயது 38. அவரைக் கடத்தச் சதி செய்ததாக இரண்டு பேர் பிற்பாடு தண்டனை பெற்றார்கள். 1983 மரண விசாரணையில், அவர் இறந்துவிட்டார், எப்படி என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று ஜூரி முடிவு செய்தது. போலீஸ் விசாரணைக்கு ஊழல் தடையாக இருந்ததையும் பதிவு செய்தது. கொலைக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் ஜெயித்தாரா? பாதிதான். பல பழைய வீடுகள் தப்பின, கோபுரத் திட்டம் சுருங்கியது. ஆனால் அங்கே இருந்த ஏழை வாடகைக்காரர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இருந்தாலும் அந்தக் காலப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1979இல் நியூ சவுத் வேல்ஸில் திட்டமிடல் சட்டம் வந்தது. கட்டுவதற்கு முன் அறிவிக்க வேண்டும், மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டமானது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஹோம்புஷைச் சுற்றி ரயில் நிலையத்தை ஒட்டி உயரமாகக் கட்ட அரசு விதிகளை மாற்றியிருக்கிறது. நான் அடுக்குமாடிக்கு எதிரி இல்லை. நம் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வீடு வேண்டுமென்றால் உயரமாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா, குறைந்த வாடகை வீடுகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று யாராவது கேட்க வேண்டுமே. சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் நிலைமை நமக்குத் தெரியாததா? சாஃப்ட்வேரில்கூட, பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் கட்டியதைப் பிறகு இடித்துத்தான் கட்டுகிறோம்.

நாம் வாடகைக்கு இருப்பவர்கள், விசாவில் இருப்பவர்கள், நமக்கென்ன என்று நினைக்கிறோம். கருத்து எழுத வீட்டுச் சொந்தக்காரராகவோ குடியுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலும் 14 முதல் 28 நாள்தான் அவகாசம். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமா? இங்கேயே வளர்ந்த பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை கவுன்சில் கடிதம் வந்தால், ஜங்க் மெயிலோடு குப்பையில் போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் படியுங்கள்.