மண்ணை விற்காத மன்னர்

பசிபிக் மகா சமுத்திரத்தில் டோங்கா என்று ஒரு நாடு இருக்கிறது. சுமார் 170 தீவுகள். அவற்றில் 36 தீவுகளில்தான் மக்கள் வசிக்கிறார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்து அளந்தாலும் 750 சதுர கிலோ மீட்டர்தான்!

பக்கத்தில் இருப்பது பிஜித் தீவு. நம்மவர்கள் கரும்புத் தோட்டத்தில் கூலிகளாக வாடினார்களே, அந்தப் பிஜிதான். 1874-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1899-ல் சமோவாவை ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கு போட்டுக்கொண்டன.

டோங்காவில் மட்டும் சொந்த மன்னர் பரம்பரை நிலைத்தது. அதற்குக் காரணமானவர், முதலாம் ஜார்ஜ் டுபோ.

வாலிப வீரன்

அவர் 1797-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். இயற்பெயர் டௌபாஹௌ. அப்போது தீவுத் தலைவர்கள் ஓயாமல் சண்டையிட்டு வந்தார்கள்.

1820-ல் தந்தை இறந்ததும் ஹாபாய் தீவுகளுக்குத் தலைவரானார். 1833-ல் வவாவு தீவுகள் அவர் வசமாயின. 1845-ல் டோங்காடாப்பு என்ற பெரிய தீவும் வந்தது. நாடு ஒன்றாயிற்று.

இதற்கிடையே, 1831-ல் கிறிஸ்தவரானார். இங்கிலாந்து மன்னரின் பெயரையே தமக்கும் வைத்துக்கொண்டார்!

சிட்னியில் கண்ட காட்சி

வெள்ளையருக்கு நிலத்தை விற்கக்கூடாது என்று 1850-லேயே சட்டம் போட்டார். 1853-ல் கப்பலேறி ஆஸ்திரேலியா போனார். சிட்னி நகரில் மாளிகைகளைப் பார்த்தார். வீதியில் படுத்துக் கிடந்த ஏழைகளையும் பார்த்தார். அவர்களுக்குத் தலை சாய்க்கச் சொந்த மண் இல்லை என்று தெரிந்ததும் திடுக்கிட்டார். இப்படி டோங்காவில் சொல்வார்கள்.

டோங்கா ஏழைகளின் நிலை மட்டும் என்னவாம்? தலைவன் கூப்பிட்டால் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். விளைந்த கிழங்கையும் வளர்த்த பன்றியையும் அவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். 1862 ஜூன் 4-ந் தேதி மன்னர் இந்த அடிமை முறையை ஒழித்தார்.

1875-ல் அரசியல் சட்டம் பிறந்தது. நிலத்தை யாருக்கும் விற்கக்கூடாது என்று அதில் எழுதிவைத்தார். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றுடனும் ஒப்பந்தம் செய்தார். ஒருவர் வாயில் விழாமல் இருக்க, மூவரிடமும் நட்பு! கெட்டிக்காரத்தனம்தான்.

ஒரு களங்கம்

பேக்கர் என்ற பாதிரியாரை 1880-ல் பிரதம மந்திரியாக்கினார். 1885-ல் இருவரும் தனிச் சபை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் சேர மறுத்தவர்கள் அடிபட்டார்கள். பலர் நாடு கடத்தப்பட்டார்கள். அடிமைத்தளையை அறுத்த மன்னர் இதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டாம்! 1890-ல் ஆங்கிலேயர் தலையிட்டுப் பேக்கரை வெளியேற்றினார்கள்.

1893 பிப்ரவரி 18-ந் தேதி மன்னர் காலமானார். வயது சுமார் 95.

1900-ல் டோங்கா பிரிட்டனின் பாதுகாப்பில் வந்தது. அப்போதும் அரியணை அவர் வம்சத்திடமே இருந்தது. 1970 ஜூன் 4-ந் தேதி முழு உரிமை திரும்பியது.

இன்றும் வெளிநாட்டார் அங்கே நிலம் வாங்க முடியாது. குத்தகைக்குத்தான் எடுக்கலாம். 16 வயதான ஒவ்வொரு ஆணுக்கும் 8¼ ஏக்கர் என்று பிற்காலச் சட்டம் சொல்கிறது. ஆனால், எல்லாருக்கும் கொடுக்க இப்போது நிலம் போதவில்லை. பெண்களுக்கோ அந்த உரிமையே கிடையாது.