இஞ்ஞாசியார் வென்ற பகை

உட்பகை என நம் முன்னோர் எண்ணிய ஆறனுள் மதம் என்பதே வெல்லுதற்கு அரியது. காமத்தையும் வெகுளியையும் ஒருவன் வென்றால் அவை தோற்று அகலும். மதமோ, வென்றேன் என்னும் எண்ணமாகவே திரும்பி வந்து உள்ளே புகும். இதனைத் தம் உடம்பிலும் உள்ளத்திலும் பட்டறிந்தவர் கிறிஸ்து சமயத்துப் பெரியாராகிய இஞ்ஞாசியார். யேசு சபையை நிறுவியவர் என்ற அளவில் அவர் பெயரை அன்பர் பலரும் கேட்டிருப்பர். காலின் அழகுக்காக எலும்பை அறுப்பித்துக்கொண்டவர் அவர் என்பதனைச் சிலரே அறிவர்.

ஸ்பெயின் தேசத்தின் வடபால், லொயோலா என்னும் கோட்டை வீட்டில், 1491-ஆம் ஆண்டளவில் பிரபுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். வாட்போரும் அரண்மனைச் சேவகமும் அழகிய ஆடையுமே அவர்தம் இளமைக்குப் பொருளாயின. 1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரெஞ்சுப் படை பாம்பலோனாக் கோட்டையைத் தாக்கிற்று. பணிந்துபோதலே தக்கதென ஏனையோர் எண்ணவும், இவர் மறுத்து நின்று அவரையும் போருக்குத் தூண்டினார். பீரங்கிக் குண்டொன்று வலக்காலை நொறுக்கியது. பகைவரே மருந்திட்டு, ஆட்களைச் சுமக்கச்செய்து, வீடு சேர்ப்பித்தனர்.

எலும்பு கோணலாய்ப் பொருந்தி முழங்காலின்கீழ்ப் புடைத்து நின்றது. பிரபுக்கள் அணியும் இறுகிய நெடுங்காலணிக்கு அது தடை. ஆதலின் அதனை அறுத்தெறியுமாறு மருத்துவரை வற்புறுத்தினார். மயக்க மருந்து அறியாத காலம் அது. கைகளை இறுக மூடிக்கொண்டாரேயன்றி வாய் திறந்திலர். அத்துணை நோவும் ஒரு காலணியின் பொருட்டே! அங்ஙனம் செய்தும் கால் குறுகியே போயிற்று. இறுதிவரை சிறிது நொண்டியே நடந்தார்.

படுக்கையிற் பொழுது போக்க வீரர் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டிற் கிடைத்தனவோ கிறிஸ்துவின் சரித்திரமும் அடியார்களின் சரித்திரமுமே. படிக்கப் படிக்க மனம் மாறிற்று. ஆயினும் எப்படி மாறிற்று? அசிசி நகரத்துப் பிரான்சிஸ்கு செய்த தவத்தைத் தாமும் செய்யவேண்டும், தொமினிக்கு செய்ததைத் தாமும் முடிக்கவேண்டும் என்று எழுந்தது. வீரரோடு போட்டியிட்ட நெஞ்சு அடியாரோடு போட்டியிடலாயிற்று. பகை உடை மாற்றிக்கொண்டதேயன்றி ஓடவில்லை.

1522-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மொன்செராத்து மலைக்கோயிலில் தம் வாளைத் தேவமாதாவின் பீடத்தருகே விட்டு, விலையுயர்ந்த ஆடையை ஓர் இரவலனுக்கு ஈந்து, கோணியாடை புனைந்து புறப்பட்டார். அவ்வாடையைத் திருடியவன் என்று இரவலனைப் பிறர் துன்புறுத்திய செய்தி வழியில் எட்டிற்று. கேட்டு அழுதார். தம் ஈகையால் ஓர் ஏழைக்கு விளையக்கூடிய இடரை அவர் எண்ணிப் பார்த்திலர்.

மன்ரேசா என்னும் ஊரில், முன்பு பேணி வளர்த்த தலைமயிரைச் சீவாமலும் நகங்களைக் களையாமலும் கடுந்தவம் புரிந்தார். ஆங்கு ஒருநாள் காய்ச்சலால் உயிர் போம் நிலை எய்தியபோது, தாம் நீதிமான் என்னும் எண்ணம் உள்ளெழுந்தது. காய்ச்சலினும் அவ்வெண்ணமே அவரைப் பெரிதும் வருத்திற்று. பழம்பிழைகளை எண்ணி எண்ணி அதனைத் துரத்த முயன்றார். நோய் சிறிது தணிந்ததும், பார்க்க வந்த மாதர்களிடம், இனி யான் சாகக் கிடந்தால் நீ பாவி என்று செவியிற் கூவுங்கள் என வேண்டிக்கொண்டார். இவர் சரித்திரம் முழுவதிலும் என் மனத்தை விட்டகலாத இடம் இதுவே. பின்னர் மயிரையும் நகத்தையும் களைந்து பிறரைப்போல் வாழலானார். அதுவும் ஒரு வெற்றியே.

எருசலேம் சென்று மீண்டபின், முப்பது வயது கடந்த நிலையில், பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் கற்கச் சிறுவர்களோடு அமர்ந்தார். ஒப்பிக்க வேண்டிய வேளையில் தெய்வ சிந்தனைகள் இனிமையாய் வந்து பாடத்தைக் கெடுத்தன. அவையும் சோதனையே எனத் தெளிந்து, ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துச்சென்று, இரண்டாண்டு பாடந் தவறேன் என்று வாக்களித்தார். இலக்கணம் கற்பிப்போனாகிய யான் இதன் அருமையை அறிவேன். மாணவன் ஒருவன் யான் உரைத்த பொருள் பிழையென எடுத்துக்காட்டிய இரவில் எனக்கு உறக்கம் வந்திலது.

பின்னர்ப் பாரிசு நகரத்துக் கலாசாலையில் தம்மினும் இளையவராகிய பேதுரு பாபர் உதவியாற் கற்றார். பிற்காலத்தில் நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த பிரான்சிஸ்கு சவேரியாரும் ஆங்கு உடன் உறைந்தவரே. 1540-இல் போப்பரசர் சபைக்கு இசைவளித்தார். மறு ஆண்டு தலைவரைத் தெரிந்தபோது இவரைத் தவிர ஏறக்குறைய அனைவரும் இவர் பெயரையே எழுதினர். இவர் மறுத்தார், மீண்டும் தெரிந்தனர், மீண்டும் மறுத்து, தம் ஆன்ம குருவின் தீர்ப்புக்குப் பின்னரே இசைந்தார். தலைவரானதும் சில நாள் மடைப்பள்ளியிற் பணிசெய்தார்.

1556-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள், சாவு நெருங்கியதை உணர்ந்து, போப்பரசரின் ஆசி பெற்றுவருமாறு தம் செயலாளர் பொலாங்கோவிடம் கூறினார். அன்றே அனுப்பவேண்டிய கடிதங்கள் இருந்தமையின், நாளைச் செல்லலாமா என்று அவர் வினவினார். இன்றே செல்லுதல் நன்று எனினும் உம் விருப்பப்படி செய்க என விடையிறுத்தார் தலைவர். ஏறக்குறைய ஆயிரவர் அவருடைய கட்டளைக்குக் காத்திருந்த காலம் அது. மறுநாட் காலை, ஆசி வந்து சேருமுன் அவர் உயிர் நீங்கியது.