தோலைத் தேர்ந்த விஞ்ஞானி

1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்பரப்பின் மேலே வெடித்துச் சிதறிய ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானத்தில் 329 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் யெலவர்த்தி நாயுடம்மா. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல் தொழிலை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களின் வரிசையில் முன்னிற்கும் அவரது பெயரை, அப்பகுதி இளைஞர்களே இன்று எத்தனை பேர் அறிவார்கள் என்பது ஐயமே.

குண்டூர் மாவட்டத்து யெலவர்ரு என்னும் சிற்றூரில், 1922இல், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் கற்றபின் அவர் நாடியது தோலை. பிணத்தோலைத் தொடுவதே இழிவென்று சாதி விதித்திருந்த நாட்டில், படித்த இளைஞர் ஒருவர் விரும்பி ஏற்கும் துறையன்று அது. சென்னையிலும் பின்னர் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்திலும் பயின்று, முனைவர் பட்டத்துடன் திரும்பினார். 1948இல் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமே அவரது களமாயிற்று. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநர்.

அன்றைய வடாற்காட்டுத் தோல் கூடங்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே மூலதனம். அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலேறும். காலணியும் கைப்பையும் சீமையில் உருவாகும். இலாபமும் அங்கேயே தங்கும். நாயுடம்மா மாற்ற முனைந்தது இதைத்தான். ஆய்வுக்கட்டுரை எழுதி ஓய்பவரல்லர் அவர். சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்குப் பயன்படாத வேதியியல் எதற்கு என்பதே அவரது கேள்வி. தொழில் முனைவோரையும் ஆய்வாளரையும் ஒரே அரங்கில் அமர்த்தும் வழக்கம் அவரது காலத்தில் வேரூன்றியது. 1970களின் தொடக்கத்தில் பச்சைத்தோல் ஏற்றுமதியை அரசு தடுத்து, அரைப்பதத் தோலுக்கு வரம்பு விதித்தபோது, முழுமையான தோலையும் காலணியையும் இங்கேயே செய்து காட்டும் தொழில்நுட்பம் கைவசம் இருந்தது. அதன் பின்னரே ஆம்பூர் காலணி நகரமானது. ஆயிரக்கணக்கான பெண்கள் மாதச் சம்பளம் கண்டனர்.

அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநர், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் எனப் பிற்காலப் பதவிகள் பல. அவற்றைவிட, கரீம்நகர் மாவட்ட வளர்ச்சிக்கு ஆய்வகங்களைத் திருப்பிவிட்ட முயற்சியே அவரது இயல்பைக் காட்டுவது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தது. கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைப் பதிவுசெய்தது. கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றதும் அத்தீர்ப்பால்தான்.

இதற்கு நாயுடம்மாவைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. அவர் இறந்தபின் தொழில் பெருகிய வேகத்தில் சுத்திகரிப்பு பெருகவில்லை. அது உரிமையாளர், அரசு இருவரின் பிழை. ஆயினும், அந்நியச் செலாவணியைக் கணக்கிட்ட அக்காலத்து அறிவியல், கிணற்று நீரைக் கணக்கிடத் தவறியது என்பதும் உண்மையே.

அவர் நடத்திய நிறுவனம் இன்று அடையாற்றில் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது: குரோமியத்தை மீட்டெடுக்க, உப்பில்லாமல் தோலைக் காக்க. வேலூர் வட்டாரத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உப்பு இன்னமும் போக்கிடமின்றிக் கிடக்கிறது.