வெப்பச் சலனம் ஆய்ந்த தமிழ் மேதை

அலுவல் நிமித்தம் பிறந்த மண்ணை விட்டு வாழும் நம்மனோர்க்கு, விஞ்ஞான மேதை சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு அயலார் வரலாறு அன்று. அவர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியமையால் குடும்பம் அங்கே வாழ நேர்ந்தது. அன்னையார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய புலமையுடையவர். சர் சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார்.

சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930-இல் கேம்பிரிட்ஜ் செல்லக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் விண்மீன் எத்துணை நிறை தாங்கும் என்று வழியிலேயே கணக்கிடத் தொடங்கினார். வரம்பு, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அவர் கண்ட முடிவு. 1935 ஜனவரியில் இலண்டன் வானியல் கழகத்தில் இதனை எடுத்துரைத்தபோது, பெரும்புகழ் பெற்ற எடிங்டன் அவையறிய எள்ளி மறுத்தார். சந்திரசேகர் மனம் உடைந்து அமரவில்லை. 1936-இல் லலிதா அம்மையாரை மணந்து, மறு ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணி ஏற்றார். 1939-இல் தம் ஆராய்ச்சியை நூலாக்கினார். ஒரு துறையை முற்றக் கற்று, நூலாக எழுதி முடித்து, அடுத்த துறை புகுவதே அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று.

1950-களில் அவர் மேற்கொண்ட துறை, வெப்பச் சலனம். குண்டலுபேட்டையின் மார்கழிக் குளிரில், கதவடைத்த அறையின் ஒரு மூலையில் கணப்புச் சட்டியை வைத்துப் பாருங்கள். அனல் பட்ட காற்று விரிந்து, இலேசாகி, மேலே எழும். கூரையை ஒட்டிப் பரவும். எதிர்ச் சுவரருகே குளிர்ந்து இறங்கித் தரைவழியே கணப்பை நாடி மீளும். வெப்பம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதால், சிறு வெப்ப வேறுபாடே இச்சுழற்சிக்குப் போதும்.

மெல்லிய திரவப் படலம் ஒன்றை அடிமுழுதும் சீராகச் சூடேற்றினாலோ கதை வேறு. திரவத்தின் பிசுபிசுப்பும், வெப்பம் கடத்தலால் பரவிவிடுவதும் அதனைத் தடுத்து நிறுத்தும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்த பின்னரே சலனம் பிறக்கும். பிரான்சு நாட்டுப் பெனார் 1900-இல் சோதனையாகக் காட்டியதை, ராலே பிரபு 1916-இல் கணிதத்தால் விளக்க முற்பட்டார்.

அத்திரவம் சுழன்றால் என்ன ஆகும்? காந்தப் புலத்தினுள் இருந்தால் என்ன ஆகும்? சந்திரசேகர் இவ்வினாக்களுக்கு விடை கண்டார். மின்சாரம் கடத்தும் திரவத்தில் காந்தப் புலம் சலனத்தைத் தடுக்கும். சுழற்சியும் பொதுவாக அவ்வாறே செய்யும். எல்லையைக் கடக்க மிகுந்த வெப்பம் வேண்டும். பாதரசத்தைக் கொண்டு சிகாகோவில் நடந்த சோதனைகள் இக்கணக்கை மெய்ப்பித்தன. சூரியக் கரும்புள்ளிகள் கறுத்துத் தோன்றுவதும் வலிய காந்தப் புலம் உள்ளிருந்து எழும் சலனத்தைத் தடுப்பதனாலேயே. இவற்றையெல்லாம் தொகுத்து 1961-இல் அவர் வெளியிட்ட 600 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல், இன்றும் இத்துறை மாணவர்க்குக் கைவிளக்கு.

எள்ளப்பட்ட விண்மீன் வரம்பையோ உலகம் நாளடைவில் ஏற்றுக்கொண்டது. விண்மீன் ஆராய்ச்சிக்காக 1983-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. இலண்டன் அவை கலைந்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995 ஆகஸ்டு 21-இல் சிகாகோவில் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி 'சந்திரா' என்று அவர் பெயரைத் தாங்குகிறது.

மதிப்பு வரும்வரை கைகட்டி இராமல், அந்நெடிய இடைக்காலம் முழுதும் உழைத்தவர் அவர். நம் காலனிச் சிறார் இதனை நெஞ்சில் இருத்துவாராக.