விண்மீனுக்கு எடை வகுத்த சந்திரசேகர்

கோட்டைக் கொச்சிக் கரையில் நின்று நாம் காணும் இதே அரபிக்கடலின்மேல், 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பத்தொன்பது வயதுத் தமிழிளைஞர் ஒருவர் கப்பலில் அமர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தார். விண்மீன்களின் முடிவைப் பற்றிய கணக்கு அது. அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவர் 1910 அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் தணிக்கை அதிகாரி. ரயில்வேயில் பேரேடு எழுதும் எம்போன்றோர்க்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, அன்பர்கள் பொறுத்தருள்க. லாகூர், லட்சுமணபுரி, சென்னை என்று ஊர் பெயர்ந்த குடும்பம் அது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற பின், கேம்பிரிட்ஜ் செல்ல வாய்ப்புக் கிட்டிற்று. அப்போது அன்னை சீதாலட்சுமி கடும் நோயுற்றுக் கிடந்தார். ஆயினும் அவர் மகனைத் தடுத்தாரில்லை, போய்வருமாறே பணித்தார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தார். குடிபெயர்ந்து வாழும் நமக்கு இத்துயரை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகும். அதன் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பது சந்திரசேகர் கண்ட முடிவு. அவ்வெல்லை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 சனவரியில் இலண்டன் வானியற் கழகத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். உடனே எழுந்த பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாட, அவையும் சிரித்தது. இளைஞர் எடிங்டனோடு நட்பை முறித்துக்கொள்ளவில்லை. தம் கணக்கையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1937இல் சிகாகோப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1939இல் அனைத்தையும் நூலாக்கிவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார். நோபெல் பரிசு வந்ததோ 1983இல். இத்துணைத் தாமதம் நேர்ந்திருக்க வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து.

அருகிலுள்ள விண்மீனின் பொருளை ஈர்த்து அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன் சூப்பர்நோவாவாக வெடிக்கும். அவ்வகை வெடிப்புகளின் ஒளி ஏறக்குறைய ஒரே அளவினது; இருக்கும் சிறு வேற்றுமையையும் கணித்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரே திறனுள்ள விளக்கேற்றிய படகுகளுள் மங்கித் தோன்றுவது தொலைவிலுள்ளது என நம் மீனவர் அறிவரன்றோ? அம்முறையே இங்கும். இரு குழுவினர் வானின் அதே பகுதிகளைச் சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் படமெடுத்து, புதிதாய்த் தோன்றிய ஒளிப்புள்ளிகளைத் தேடினர். தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததினும் மங்கலாயிருந்தன. எனவே பேரண்டம் விரிவதோடு, அவ்விரிவின் வேகமும் கூடிவருகிறது என்று 1998இல் அறிவித்தனர். அதற்காகப் பெர்ல்மட்டர், சுமிட், ரீஸ் ஆகியோர் 2011இல் நோபெல் பரிசு பெற்றனர்.

சந்திரசேகர் 1995 ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோ நகரில் காலமானார். அவ்வறிவிப்பு வெளிவந்தபோது அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.