படிப்பும் பிழைப்பும் – திருத்தணி தந்த ராதாகிருஷ்ணன்

திருத்தணி முருகன் கோவிலுக்குப் படிகள் 365. ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி.

அந்த ஊரில் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, ஓர் ஏழைக் குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. பிற்காலத்தில் அந்தக் குழந்தை இந்தியாவின் ஜனாதிபதி ஆயிற்று.

அவர்தான் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

அவர் பிறந்த நாளை நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அவர் பெரிய தத்துவ மேதை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால், படிக்கிற பிள்ளை தொழிலும் தெரிந்தவனாக வெளியே வரவேண்டும் என்று அவர் தலைமையில் ஒரு திட்டம் பிறந்தது. அது பலருக்குத் தெரியாது.

பழைய புத்தகம்

ராதாகிருஷ்ணன் குடும்பத்தில் பேசிய மொழி தெலுங்கு. தகப்பனார் வீராசாமி, ஜமீனில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். தாயார் சீதம்மா. வீட்டில் பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு.

பையன் கெட்டிக்காரன். திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தான். உதவிச் சம்பளம் கிடைத்ததால் படிப்பு நடந்தது.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். எந்தப் பாடத்தை எடுப்பது? அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர், தம்முடைய பழைய தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம்! ராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்துக்கொண்டார்.

அவர் வாழ்க்கையின் பாதை இப்படித் தற்செயலாக அமைந்தது. அது அவருக்குப் பொருந்தியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்குமா?

ஆசிரியர் ஆனார்

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த பின், சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

1918-ல் மைசூர். 1921-ல் கல்கத்தா. 1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1936-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பேராசிரியர். 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் பட்டம் என்பது சர்க்கார் ஆபீசுக்குள் நுழையும் சீட்டாக இருந்தது. நிலத்தை விற்றாவது மகனை பி.ஏ. படிக்க வைத்தார்கள். பட்டம் வாங்கியவர்கள் பெருகினார்கள். நாற்காலிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. வேறு தொழில் செய்யலாம் என்றால், அவர்களுக்குக் கைவேலை எதுவும் தெரியாது.

பத்துப் பேர் கமிஷன்

நாடு விடுதலை அடைந்ததும், 1948-ல் சர்க்கார் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனை அமைத்தது. தலைவர் ராதாகிருஷ்ணன். மொத்தம் பத்துப் பேர்.

பின்னாளில் ஜனாதிபதியான ஜாகீர் உசேன், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் லட்சுமணசாமி முதலியார், விஞ்ஞானி மேகநாத் சாகா ஆகியோர் அதில் இருந்தனர். ஜாகீர் உசேன், காந்திஜியின் கைத்தொழில் கல்வித் திட்டத்துக்கு 1937-லேயே உருவம் கொடுத்தவர்.

அமெரிக்கர் ஆர்தர் மார்கன் என்பவரும் ஓர் உறுப்பினர். அவர் ஓர் என்ஜினீயர். ஓகையோ மாநிலத்தில் உள்ள ஆண்டியாக் கல்லூரியில் 1921-ல் புதுமுறை ஒன்றைக் கொண்டு வந்தவர். அங்கே மாணவன் சில காலம் வகுப்பில் படிப்பான். பிறகு சில காலம் வெளியே போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பான். மறுபடி வகுப்புக்கு வருவான்.

இதில் என்ன லாபம்? புத்தகத்தில் படித்தது சரியா என்று வேலையில் தெரியும். வேலையில் எழுந்த சந்தேகம் வகுப்பில் தீரும். எந்தத் தொழில் தனக்கு ஒத்து வரும் என்பதை, படிப்பு முடிவதற்கு முன்பே மாணவன் கண்டுகொள்வான்.

என்ன சொன்னார்கள்?

1949 ஆகஸ்டில் கமிஷனின் அறிக்கை வந்தது. முக்கியமான சிபாரிசுகள் இவை:

பத்து, பன்னிரண்டு ஆண்டு பள்ளிப் படிப்புக்குப் பின், பலவிதத் தொழில்களுக்கு மாணவர்களை அனுப்பத் தொழிற் பயிற்சி நிலையங்கள் ஏராளமாக வேண்டும்.

வணிகம் படிக்கிறவன், மூன்று நான்கு வகைக் கம்பெனிகளில் நேரில் வேலை பழக வேண்டும்.

விவசாயக் கல்லூரிகள் கூடுமானவரை கிராமப்புறத்தில் இருக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகுவதற்கு அதிக நேரமும் அதிக மதிப்பும் தர வேண்டும்.

போர்மன், ஓவர்சீயர், படம் வரைவோர் போன்றவர்களைத் தயாரிக்கும் பள்ளிகள் பெருக வேண்டும்.

கிராமங்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும். அங்கே படிப்பும் வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் துணிச்சலானது ஒன்று: சர்க்கார் நிர்வாக உத்தியோகத்துக்குப் பட்டம் கட்டாயம் என்று இருக்கக் கூடாது. தனிப் பரீட்சை வைத்துத் தகுதியானவரை எடுக்கலாம். வாழ்நாள் முழுவதும் பட்டதாரிகளை உருவாக்கிய பேராசிரியரின் கமிஷன் சொன்னது இது!

எது நடந்தது?

எல்லாம் நடந்துவிடவில்லை. ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுத இன்றும் பட்டம் வேண்டும். பட்டம் பெற்றும் வேலை தெரியாமல் தவிக்கும் வாலிபர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் விதை வீண் போகவில்லை. கிராம உயர்கல்வி நிலையங்கள் 1956-ல் தொடங்கின. அவற்றுள் ஒன்று, திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம்.

1961-ல் தொழில் பழகுநர் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்போது ராஜ்ய சபையின் தலைவர் ராதாகிருஷ்ணன். தொழிற்சாலையில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே பிள்ளைகள் தொழில் கற்க அந்தச் சட்டம் வழி செய்தது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமா படித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர்.

ராதாகிருஷ்ணன் 1952 முதல் பத்து ஆண்டு உப ஜனாதிபதி. 1962 முதல் 1967 வரை ஜனாதிபதி. அவர் பிறந்த திருத்தணி, எல்லை மாற்றத்தால் 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது.

1975 ஏப்ரல் 17-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, காந்திகிராமம் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது.

உறவுக்காரர் கொடுத்த பழைய புத்தகம் ஒரு திருத்தணிப் பையனுக்கு வழி காட்டியது. மற்றப் பிள்ளைகளின் வழியைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது என்பதற்கே அவர் தலைமையில் அந்த அறிக்கை எழுந்தது.